அப்பள வண்டியும் பச்சைப் பட்டையும்

செப்டம்பர் 3, புதன்

அடுத்த ஆண்டுக்கு அச்சடித்த டைரியின் சாம்பிள் இது. கிழமை பொருந்தவில்லை. கையால் அடித்துத் திருத்திக்கொள்கிறேன். சிவகாசிக்காரனுக்கு டைரிக்கா பஞ்சம்? எழுதத்தான் விஷயம் இல்லாமல் இருந்தது. இன்று இருக்கிறது.

காலை பாசஞ்சருக்கு உடம்பு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி முடித்துவிட்டோம். எஞ்சினைத் தவிர எல்லாப் பெட்டிக்கும். கல்யாண மண்டபத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்த இந்தப் பால்வண்ணன் இன்று ஒரு ரயிலுக்கே உடுப்பு மாட்டியிருக்கிறான். மயிலாத்தாள் அப்பளம் கம்பெனியின் விளம்பரம். பளீரென்ற மஞ்சள், அதில் வட்ட வட்டமாகப் பொரிந்த அப்பளம், ஒவ்வொரு பெட்டியிலும் மயில்மேல் அமர்ந்த ஆத்தாள். மயிலாத்தாள் முதலாளியின் குலதெய்வம். ஆகவே படம் சின்னதாக இருக்கக்கூடாது என்பது அவர் கட்டளை.

ஒட்டும்போதுதான் ஒரு சங்கடம் வந்தது. டிராயிங்படி ஆத்தாளின் முகம் வாசலின்மேல் விழுந்தது. கதவு திறந்தால் முகத்தில் பாதி காணாமல் போகும். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஜனம் கால் வைத்து ஏறும். இருளப்பன் கையை உதறிவிட்டு, "அண்ணே, இது நமக்கு ஆகாது" என்று கீழே இறங்கிவிட்டான். என்னிடம் வேலை பார்ப்பவர்களில் அவன்தான் மூத்தவன். நான்தான் யோசித்து, எல்லாப் பெட்டியிலும் ஆத்தாளை ஒரு ஜன்னல் தள்ளி ஒட்டச் சொன்னேன். முகம் முழுசாக வந்தது. கண் இரண்டும் நம்மையே பார்க்கின்றன. பெண்கள் பெட்டியில் மட்டும் முனையில் இருந்த பழைய சாய்வுப் பட்டை, ஏதோ பச்சையில் அடித்திருந்தார்கள், அது அடியில் போய்விட்டது. நல்லதுதான். மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒத்துவரவே வராது.

இரவு வீட்டுக்காரி ஈஸ்வரியிடம் போட்டோ காட்டினேன். அவள் தினமும் அந்த வண்டியில்தான் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், லேப் டெக்னீஷியன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க. ஆமா, இதுல எங்க பெட்டி எது?"

"எல்லாப் பெட்டியிலயும்தான் ஆத்தா இருக்கா. எதுல ஏறினா என்ன?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

புது உடுப்பில் முதல் ஓட்டம். ஸ்டேஷனுக்குப் போய் நடைமேடைக் கோடியிலிருந்து வீடியோ எடுத்தேன். மஞ்சள் வெயிலில் மஞ்சள் வண்டி வளைந்து வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டீக்கடைக்காரர் அதற்குள் "அப்பள வண்டி வந்துருச்சு" என்று பெயரே வைத்துவிட்டார்.

வீடியோவில் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள். வண்டியைப் பார்க்க அவ்வளவு ஆர்வம். முதலாளி செல்லையா அண்ணாச்சிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஏய் பால்வண்ணா, பொம்பளையாளுக என்னமா ஓடி வர்றாக பாத்தியா! இதுதான்யா விளம்பரம்!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

செப்டம்பர் 8, திங்கள்

ஈஸ்வரிக்குத் தட்டைச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். குதி உயர்ந்தது இனி வேண்டாமாம். போன தீபாவளிக்கு அவளே ஆசைப்பட்டு எடுத்தது. பெண்கள் மனசு யாருக்குப் புரியும்?

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று வழக்கத்தைவிட வெரசாகக் கிளம்பிவிட்டாள். கேட்டால், "முன்னாடியே போய் நின்னாத்தான் சரியா இருக்கும்" என்றாள். நேற்றுவரை கடைசி நிமிடத்தில் கிளம்பி, வண்டியைச் சரியாகப் பிடிப்பவள். நான் குழம்பைச் சுடவைத்துத் தின்றுவிட்டுக் கடை திறந்தேன். காலண்டர் ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன.

செப்டம்பர் 10, புதன்

ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். இடது மணிக்கட்டில் எலும்பு கீறல். முழங்கைவரை மாவுக்கட்டு. பாத்து நடக்கவேண்டாமா என்று சத்தம் போட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். முழங்காலிலும் சிராய்ப்பு. சேலையில் கரி படிந்திருந்தது. ஆஸ்பத்திரிப் படியைக்கூடக் கழுவ மாட்டார்கள் போல.

செப்டம்பர் 11, வியாழன்

சடை பின்னுவதற்கு இரண்டு கை வேண்டும். இதை இத்தனை வயதுவரை நான் யோசித்ததே இல்லை. காலையில் அவள் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கண்ணாடிமுன் திண்டாடினாள். பார்க்கப் பொறுக்கவில்லை. நான் பின்னுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு ரயில் பெட்டிக்குச் சுருக்கம் விழாமல் ஸ்டிக்கர் ஒட்டியவனுக்குச் சடை என்ன பெரிய காரியம்?

பெரிய காரியம்தான். மூன்றாகப் பிரித்தேன், பின்னியபின் நான்காக இருந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தால், சிரிக்கிறாள்.

செப்டம்பர் 17, புதன்

விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறாள், பதிவேட்டு மேசையில் உட்கார. சடை ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனால் வண்டியில் போகமாட்டாளாம், பஸ்ஸில் போகிறாளாம்.

"பஸ் ஸ்டாப் பக்கம்ங்க. கையை வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் எதுக்கு?"

ஸ்டேஷனும் அதே தூரம்தான். பஸ்ஸில் கூட்டம் நெரியும், கம்பியைப் பிடிக்கவேண்டும், டிக்கெட் வேறு. சீசன் பாஸ் சும்மா கிடக்கிறது. ஊரே என் வண்டியைக் கொண்டாடுகிறது, கட்டின பெண்டாட்டி அதில் ஏறமாட்டேன் என்கிறாள். கோபம் வந்துவிட்டது. சடையைக் கொஞ்சம் இறுக்கிப் பின்னிவிட்டேன். "ஆ" என்றாள். அப்புறம் தளர்த்திவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

அண்ணாச்சி கூப்பிட்டார். மாலை பாசஞ்சரையும் எனக்கே தருகிறாராம். கை குலுக்கினார். அவருக்கு ஒரே கவலை, பச்சைக்கிளி அப்பளம்தான். போட்டிக் கம்பெனி. அவர்கள் பாக்கெட் பச்சை நிறம். "எவ வீட்டு வாசல்ல பச்சைக் கோலமாவு கண்டாலும் எனக்கு வயிறு எரியுதுய்யா" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் தீரவேண்டும்.

மாலை வண்டிக்கான டிசைனுக்குப் போட்டோ வேண்டும் என்று காலையில் ஸ்டேஷன் போனேன். நல்ல தூறல். கலெக்டர் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்க்கும் பாக்கியத்தாய் அக்கா நின்றிருந்தார். ஈஸ்வரியோடு தினமும் போகிறவர். என்னைப் பார்த்ததும், "ஈஸ்வரி கை எப்படி இருக்கு தம்பி?" என்றார்.

"தேவலக்கா. ஆஸ்பத்திரிப் படியில தண்ணிய ஊத்தி வச்சிருக்கானுக..."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆஸ்பத்திரிப் படியா? இந்தா, இந்தத் தூணுக்கு முன்னாடிதானே விழுந்துச்சு. நாந்தானே தூக்கிவிட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது. அக்கா பேச்சை விட்டுவிட்டு ஓடினார். அவர் மட்டுமில்லை, நடைமேடையில் நின்ற அத்தனை பெண்களும் ஓடினார்கள், முதலில் முன்பக்கம். அங்கே கதவில் ஆண்கள் தொங்கினார்கள். "இது இல்லடி, பின்னாடி, பின்னாடி" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பின்பக்கம் ஓடினார்கள். ஈரத் தரை. ஒருத்தி கையில் குழந்தை. வண்டி நிற்பது ஒரு நிமிடம்தான். அக்கா கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில், வண்டி நகர்ந்தபிறகுதான் ஏறினார்.

டீக்கடைக்காரரிடம் கேட்டபிறகுதான் விளங்கியது. பெண்கள் பெட்டி ஒருநாள் முன்னால் வரும், ஒருநாள் பின்னால் வரும். எப்படிக் கோர்க்கிறார்களோ அப்படி. தூரத்தில் வரும்போதே பச்சைப் பட்டையைப் பார்த்து, அது நிற்கும் இடத்துக்கு முன்கூட்டியே நடந்துபோய் நிற்பார்கள். கதவருகே சின்ன எழுத்து ஒன்று இருக்கிறதுதான், ஆனால் ஓடும் வண்டியில் அதை யார் படிப்பது? பட்டையைத்தான் நான் மறைத்துவிட்டேன். எல்லாப் பெட்டியும் ஒரே மஞ்சள், ஒரே அப்பளம், ஒரே ஆத்தாள்.

கடைக்கு வந்து அந்தப் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறார்கள். நின்று, திரும்பி, எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை. பச்சைச் சேலையில் ஈஸ்வரியும் ஓடுகிறாள், குதி உயர்ந்த செருப்போடு. எத்தனை பேருக்கு இதை அனுப்பிப் பெருமை அடித்தேன்!

செப்டம்பர் 23, செவ்வாய்

பட்டையை வெளியே கொண்டுவந்தே தீருவேன். முடிவு செய்துவிட்டேன்.

வண்டிகளைப் பராமரிக்கும் இடத்துக்குப் போய், பொறுப்பில் இருக்கும் என்ஜினியரைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் என் டிராயிங்கை எடுத்து மேசையில் விரித்தார். அதில் பச்சைப் பட்டை ஒழுங்காக இருக்கிறது. ஒட்டும்போது தள்ளியது என் கை.

"ரொம்பத் தப்புங்க இது. தாராளமா எடுங்க, இன்னைக்கே எடுங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆனா யாரு எடுக்கிறது? நவராத்திரி தொடங்கியாச்சு. சாமி மூஞ்சியில பிளேடு போடுன்னா என் ஆளுக யாரும் தொடமாட்டாங்க" என்றார்.

இருளப்பனிடம் கேட்டேன். "அண்ணே, என்னைய வேலையை விட்டு நிறுத்துங்க. இதை மட்டும் சொல்லாதீங்க" என்றான். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. ஒற்றை ஆளாக உரித்தால் கிழிந்துவிடும், அதனால்தான் இன்று செய்யவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கொலு வைத்திருந்தார்கள். சுண்டல் கொடுத்தார்கள். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: பெண்கள் பெட்டியில் மட்டும் ஆத்தாள் படத்தை எடுத்துவிட்டு, வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சின்னதாக ஒட்டிக்கொள்கிறேன், செலவு என்னுடையது, அடியில் இருக்கும் பச்சைப் பட்டை வெளியே தெரியட்டும்.

"பச்சையா?" என்றார்.

"ரயில்வே பட்டை அண்ணாச்சி. பச்சைக்கிளி இல்ல."

"பாக்குறவனுக்கு அது தெரியுமா? என் ஆத்தாளை உரிச்சுட்டு அந்தப் பய கலரைக் காட்டுவியா? அதுவும் நவராத்திரியில?"

"பொம்பளையாளுக விழுறாக அண்ணாச்சி."

"யாரு விழுந்தா?"

"என் வீட்டுக்காரி."

உள்ளே திரும்பி, எனக்கு இன்னும் கொஞ்சம் சுண்டல் போடச் சொன்னார். நல்ல மனுஷன்தான். கடைசியில், "சரி. ஆயுத பூசைக்கு விருதுநகர் ஸ்டேஷன்ல வண்டிக்குப் பூசை போடுவாகள்ல, அங்க வாரேன். பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா எடு. செவப்பு வந்தா தொடக்கூடாது. ஆத்தா சொல்லுறதுதான்" என்றார். வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார். "மீறித் தொட்டா, சாயங்கால வண்டி உனக்கு இல்ல."

செப்டம்பர் 26, வெள்ளி

காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன், ஸ்டிக்கர் ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க. கையில் குழந்தை வைத்திருந்தவளை ஏற்றிவிட்டுத்தான் கடைக்கு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, முடி காயும்வரை கொல்லையில் உட்கார்ந்திருந்தோம். ஒருவாரமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஸ்டேஷன்ல விழுந்தேன்னு ஏன் சொல்லல?"

அவள் திரும்பவில்லை. "பாக்கியக்கா சொல்லிருச்சா?"

"ஏன் சொல்லல?"

"ராத்திரியெல்லாம் அந்தப் போட்டோவையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. கரண்டு பில்லு கட்டப் போனாக்கூட கவுண்டர்ல இருக்கிற அம்மாட்டக் காட்டியிருக்கீங்க. அம்புட்டுச் சந்தோசமா உங்களை நான் பாத்ததே இல்ல. அதுல போயி, உங்க வண்டியாலதான் விழுந்தேன்னு எப்படிங்க சொல்ல?"

இல்லாத சிக்கை எடுப்பதுபோல் சீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பூக்கட்டிப் பார்ப்பதைச் சொன்னேன்.

"செவப்பு வந்தா?" என்றாள்.

"வந்தாலும் உரிப்பேன்."

"சாமிக்குத்தம் ஆகிறாது?"

"ஆனா என்னோட போகட்டும்."

முடி காய்ந்திருந்தது. பின்னி முடித்ததும் சடையைத் தடவிப் பார்த்து, "இன்னைக்கு நல்லா வந்திருக்கு" என்றாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளையும் மறுநாளும் விடுமுறை என்பதால், சீசன் பாஸ்காரர்கள் இன்றே வண்டிக்கு ஆயுத பூசை போட்டார்கள். விருதுநகரில் எல்லோரையும் இறக்கிவிட்டு மதியம்வரை வண்டி அங்கேயே நிற்கும். ஈஸ்வரியும் என்னோடு வண்டியிலேயே வந்தாள், அன்றைக்குப் பிறகு முதல்முறை. பெண்கள் பெட்டி எங்கே வரும் என்று டீக்கடைக்காரர் முந்தின ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விசாரித்து வைத்திருந்தார். அதனால் ஓடவேண்டி வரவில்லை.

எஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் எல்லோர் கையிலும். அண்ணாச்சி பட்டு வேட்டியில் வந்திருந்தார். பெண்கள் பெட்டிக்கு முன்னால் நின்று அவரே இரண்டு வாழையிலைத் துண்டில் பூவைச் சுருட்டிக் கட்டினார். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி. குலுக்கித் தட்டில் போட்டார். சூடம் கொளுத்தினார்.

"விழுந்த பிள்ளையே எடுக்கட்டும்" என்றார். நியாயமான வார்த்தை.

ஈஸ்வரி கும்பிட்டுவிட்டு, நல்ல கையால் ஒன்றை எடுத்தாள். அண்ணாச்சி பிரித்தார்.

செவ்வரளி.

பொரி தின்றுகொண்டிருந்தவர்கள்கூட வாயை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கோபமாக அல்ல, வருத்தமாகத்தான். "ஆத்தா சொல்லிட்டாய்யா" என்றார்.

சட்டைப் பையில் பிளேடு இருந்தது. எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது, பொய் எதற்கு? இருபது பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பெரிய கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. நான்தான் முகம் முழுசாக வரவேண்டும் என்று தள்ளி ஒட்டியது. அடி எடுத்து வைத்தேன், அடுத்த அடி வரவில்லை.

அப்போது ஈஸ்வரி எனக்கு முன்னால் போனாள். பெட்டியருகே நின்று, தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு ஆத்தாளின் நெற்றியில் வைத்தாள். பிறகு, தினமும் நெரிசலில் சீட்டோரம் நின்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

"ஆத்தா, கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. நாங்களும் வரணும்ல."

முதலில் பாக்கியத்தாய் அக்கா சிரித்துவிட்டார். "ஆமாத்தா, கொஞ்சம் ஒதுங்கிக்க. ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார். "கைப்பிள்ளைக்காரி நிக்கிறேன், தள்ளு தாயி" என்று இன்னொருத்தி. பிறகு எல்லோரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள், தள்ளிக்க தாயி, தள்ளிக்க தாயி என்று. சிலர் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். ஒருத்தி குலவை போட்டாள்.

நான் போய் ஓரத்தில் பிளேடை வைத்தேன். வெயிலில் ஸ்டிக்கர் இளகியிருந்தது. மேல்முனையைப் பிரித்துக்கொண்டு வரும்போது கீழ்முனையை ஒரு கை பிடித்தது. இருளப்பன். அவன் வந்ததே எனக்குத் தெரியாது. "கிழியாம மெதுவா இழுங்கண்ணே" என்றான், என்னவோ நான் தொழிலுக்குப் புதுசு மாதிரி.

ஆத்தாள் முழுசாக வந்தாள், ஒரு கீறல் இல்லாமல். தரையில் படக்கூடாது என்று பெண்கள் நான்குபேர் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார்கள். அடியில் பச்சை. வெயில் மழை படாமல் இருந்ததாலோ என்னவோ, பட்டை நேற்று அடித்த பெயின்ட் போல் இருந்தது. சாய்ந்து சாய்ந்து, வரிசையாக.

மறுமுனையையும் எதிர்ப்பக்கத்தையும் அவர்கள் ஆபீசுக்குப் போனபிறகு இருளப்பனும் நானும் உரித்தோம். புதிதாக அச்சடித்து எடுத்துப்போன சின்ன ஆத்தாளை வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒட்டினேன். பொருத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணாச்சி கடைசிவரை நின்று பார்த்தார். போகும்போது படத்துக்குக் கும்பிடு போட்டார், எனக்கு இல்லை. "சாயங்கால வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார்.

"குடுங்க அண்ணாச்சி. பட்டையை மறைக்க வேண்டாம்னு மட்டும் அவருட்டச் சொல்லிருங்க."

அவர் பொரிப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அக்டோபர் 1, புதன்

கடையில் பூசை. மிஷினுக்குச் சந்தனம் வைத்தேன். பிளேடுக்கும் வைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

சனிக்கிழமை கட்டுப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்க்கச் சொன்னார்களாம், சரியாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்று சொல்லித்தான் ஈஸ்வரி கிளம்பினாள். எனக்கு டீ குடிக்கவேண்டியிருந்தது, டீக்கடை ஸ்டேஷனில்தான் இருக்கிறது. நடைமேடையில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் நின்று குடித்தேன். வளைவில் வண்டி தலைகாட்டியது. மஞ்சளுக்கு நடுவில் பச்சை அத்தனை தூரத்திலும் தெரிந்தது, பின்னாலிருந்து இரண்டாவது பெட்டி. பெண்கள் பேச்சை நிறுத்தாமலே அந்தப் பக்கம் நடந்தார்கள். யாரும் ஓடவில்லை. குழந்தைக்காரி குழந்தைக்கு வண்டியைக் காட்டிக்கொண்டே போனாள். வண்டி நின்றபோது கதவு அவர்களுக்கு நேராக இருந்தது. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நன்றாகவே ஒத்துவருகிறது. முன்னால் எழுதியதை அடித்துவிட வேண்டும்.

ஈஸ்வரி குதி உயர்ந்த செருப்பு போட்டிருந்தாள். படியில் கால் வைத்தவள், மூட்டைப் பக்கம் திரும்பாமலே, கையை மட்டும் லேசாக ஆட்டிவிட்டு ஏறினாள்.

ஒன்று எழுத விட்டுப்போனது. காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கட்டு இல்லாத இரண்டு கையோடும் வந்து முன்னால் உட்கார்ந்து சீப்பை நீட்டினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பின்னிவிட்டேன்.